பட்லருக்குத் 'தளம்பு' என்ற பெயரே பொருத்தம்

வணக்கம்.

நாற்று நடுவதற்கு முன் வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் 'பட்லர்' (puddler) என்ற கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: சேற்றுழவுக் கருவி, சேறு கலக்கி, சேற்றுக் கலப்பை. என் பரிந்துரை 'தளம்பு'. இதை நான் புதிதாகக் கட்டவில்லை. புறநானூற்றில் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்த ஒரு கருவிக்கு வழங்கிய பெயர்தான்.

அந்த நூலின் 61ஆம் பாட்டைப் பாருங்கள். சோழன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நலங்கிள்ளி சேட்சென்னியைக் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார் பாடியது. உழத்தியர் நெய்தலையும் ஆம்பலையும் களைந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே வருகிறது இந்த அடி: 'மலங்குமிளிர் செறுவின் தளம்புதடிந் திட்ட பழன வாளைப் பரூஉக்கண் துணியல்'. மலங்கு மீன் பிறழ்கிற வயலில் தளம்பை இறக்கியபோது, சேற்றில் கிடந்த வாளை மீனும் சேர்ந்து துண்டாகிவிட்டது. அந்தப் பருத்த துண்டத்தை வயலில் வேலை செய்யும் வினைஞர் புதுநெல் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். தளம்பு என்பதற்கு உரையில் சொல்லப்படும் பொருள் 'சேறுகுத்தி'.

பாட்டு மீனைப் பற்றிச் சொல்லும்போதே கருவியைப் பற்றியும் நிறையச் சொல்லிவிடுகிறது. மீன் உலவும் அளவுக்கு வயலில் தண்ணீர் நிற்கிறது. வாளையைத் துண்டாக்கும் அளவுக்குக் கருவிக்கு விளிம்பு இருக்கிறது. அது மண்ணுக்கு மேலே இழுபடாமல் சேற்றுக்குள் இறங்குகிறது. இன்றைய பட்லரின் அடிப்படையும் இதுதான்: படுக்கையாக ஒரு தண்டு, அதைச் சுற்றிலும் அலகுகள். தண்டு உருளும்போது அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் இறங்கி வெட்டிக் கலக்குகின்றன. பழந்தளம்பு சுழன்றதா, கையால் குத்தியதா என்பது பாட்டில் இல்லை. பெயர் வைக்க அது தேவையும் இல்லை. செய்யும் வேலை ஒன்று என்பதே எனக்குப் போதும்.

வேலை என்றால் என்ன வேலை என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்வோம், வரையறையே அதில்தான் இருக்கிறது. நீர் நிற்கும் நிலத்தைக் கலக்கும்போது மண்கட்டிகள் சிதைந்து களித்துகள்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. பிறகு அவை மெல்லப் படிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. தண்ணீர் கீழே இறங்குவது குறைகிறது, களை அமுங்குகிறது, நாற்றின் வேர் எளிதாக இறங்கும் பதம் கிடைக்கிறது. புழுதி உழவுக்கென்று அமைந்த கருவிகளின் முதன்மை வேலை இதுவல்ல. ஆகவே சுழலும் அலகுகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சேற்றிலும் ஓட்டுகிறார்கள் என்பதற்காக அதையும் தளம்பு என்று சொல்லிவிடக் கூடாது. அதற்குச் 'சுழற்கலப்பை' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

சரி, 'சேற்றுக் கலப்பை' ஏன் கூடாது? இதைச் சொன்ன நண்பரின் நியாயம் எனக்குப் புரிகிறது. சட்டிக்கலப்பை, கொத்துக்கலப்பை, சுழற்கலப்பை என்று வரிசையாக இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது எளிது. 'மண்ணைக் கலப்பதால்தான் கலப்பை' என்ற விளக்கத்தையும் அவர் துணைக்குக் கொண்டுவந்தார். அந்த விளக்கத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. நாட்டுக் கலப்பை மண்ணைக் கலப்பதில்லை. அதன் இரும்பு முனையான கொழு நிலத்தைக் கீறிக்கொண்டு போகிறது, மண் இருபக்கமும் ஒதுங்கிப் படைச்சால், அதாவது உழுத தடம், விழுகிறது. செயலைப் பார்த்து வைத்த பெயர் என்றால் கீறுதலோ பிளத்தலோ அல்லவா அதில் இருந்திருக்கும்?

மேலும் இந்தச் சொல்லுக்குப் பழைய பொருளே வேறு. அதியமானின் வாயிலோனிடம் ஔவையார் சினந்து பாடும் 206ஆம் புறப்பாட்டில் 'காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை' என்கிறார். அங்கே ஏர் எதுவும் இல்லை. கலங்களைப் போட்டு வைக்கும் பை, அதாவது கலம், பை இரண்டும் சேர்ந்த சொல். இசைக்கருவிகளைச் சுமந்து ஊர் ஊராகப் போகிறவர்களின் மூட்டை. உழுபடைக்கு அந்தக் காலத்துப் பெயர் நாஞ்சில். மேழி, ஏர்க்கால், கொழு என்று பல உறுப்புகளைப் பூட்டி ஒன்றாக்கிய தொகுதி என்பதால், கருவி என்னும் பொருளுள்ள 'கலம்' வழியாகவே உழுபடைக்குக் கலப்பை என்ற பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 'கல' என்ற வினையிலிருந்து வந்ததாகக் கொள்வோரும் உண்டு, அவர்களோடு பேசத் தயாராக இருக்கிறேன். எப்படியானாலும் இன்று கலப்பை என்றால் கொழு உண்டு, சால் விழும். பட்லரில் இரண்டும் இல்லை.

'தளம்பு தூய தமிழ்வேரா?' என்றும் ஒரு கேள்வி. நாஞ்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் நேகிலு, தெலுங்கில் நாகலி, ரிக்வேதத்தில் லாங்கல, கடல் தாண்டி மலாயில் தெங்காலா. இது ஆஸ்திரோ-ஆசிய மொழிகளிலிருந்து பரவியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் நாஞ்சில் தமிழ்ச்சொல்தான். ஒரு நாட்டின் பெயராகவே அது நிலைத்துவிட்டது. வேர் ஆராய்ச்சி நடக்கட்டும், நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கலைச்சொல்லை ஏற்பதற்கு அதை வாயிற்படியாக வைப்பது சரியில்லை.

தளம்பைப் பொறுத்தவரை வேரும் கண்ணுக்குத் தெரிகிறது. தளம்புதல் என்றால் நீர் அலைவது, ததும்புவது. நிறைகுடம் தளம்பாது என்று இன்றும் சொல்கிறோமே, அதே வினைதான். வினையே கருவிப்பெயராக நிற்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது: பரம்பு. பரம்புதல் என்றால் பரவுதல், சேற்றைப் பரப்பிச் சமன் செய்யும் பலகையும் பரம்பு. வயலில் முதலில் தளம்பு, அப்புறம் பரம்பு. இந்த ஒலியொற்றுமையைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி பொங்கியது.

இலங்கை நண்பர் எழுப்பிய தடைதான் கனமானது. அங்கே 'தளம்பல்' ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் நிலைபெற்ற கலைச்சொல்: விலைத் தளம்பல், வெப்பநிலைத் தளம்பல். அதை நாம் தொடக் கூடாது. எனவே பட்லரால் சேறாக்கும் 'பட்லிங்' என்ற செயலுக்குத் 'தளம்பல்' என்று வைக்காமல், பரம்படித்தல் போலத் 'தளம்படித்தல்' என்று வைக்கலாம். வயலில் பேசுகிறவர் வாயிலும் இது எளிதாக வரும்: 'நாளைக்குத் தளம்படிச்சுட்டு நடவு வெச்சுக்கலாம்.' 'சேற்றுழவுக் கருவியை இயக்கிய பிறகு' என்று யாரும் பேசப் போவதில்லை. சேற்றுழவு என்ற சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏர், டிராக்டர், பவர்டில்லர் எதை வைத்துச் செய்தாலும் அந்தப் பணி முழுவதற்கும் அது பொதுப்பெயராக இருக்கட்டும்.

'சேறு கலக்கி'யில் பிழை இல்லை. ஆனால் அடைமொழி சேர்த்துப் பாருங்கள், நீளம் தாங்காது. மாட்டுத் தளம்பு, டிராக்டர் தளம்பு, திருகலகுத் தளம்பு என்று சொல்லும்போது ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. தலைச்சொல் குறுகியதாக இருப்பதன் பயன் இதுதான்.

பட்லிங் இன்டெக்ஸ் என்ற அளவைக்கும் பெயர் கேட்டிருந்தீர்கள். சேற்று நீரின் மாதிரியை எடுத்து அசையாமல் வைத்து, அடியில் படிந்த மண்ணின் பருமன் மொத்தப் பருமனில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது அது. இங்கே அளக்கப்படுவது கருவியல்ல, விளைந்த சேறு. ஆகவே 'சேறாக்க எண்' என்று சேற்றின் அடியாகவே வைப்போம்.

களையெடுக்கும் கருவியான கோனோவீடரை என்ன செய்வது என்பது மட்டும் மீதி. அதுவும் சேற்றைக் கலக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஓடுவது நட்ட பயிரின் வரிசைகளுக்கு இடையே, நோக்கமும் களையை அமுக்குவதுதான். அதன் பெயர் 'களை' என்ற சொல்லோடுதான் அமைய வேண்டும், தளம்பின் கீழ் அதைச் சேர்க்க வேண்டாம்.