66 மஸ்டாங்: குடும்பக் குழுவில்

வெள்ளி, இரவு 9:10

தம்பி: முடிவு செய்துவிட்டேன். என் 1966 ஃபோர்டு மஸ்டாங் இன்ஜினுக்கு அலுமினிய சிலிண்டர் ஹெட், புது கேம் ஷாஃப்ட். 225 குதிரைத்திறன் 300ஐத் தாண்டிவிடும். சேமிப்பு முழுவதும் இதற்குத்தான்.

மாமா: அப்படிப் போடு மாப்பிள்ளை! வி8 வைத்துக்கொண்டு யாராவது அடக்கி வாசிப்பார்களா?

சித்தப்பா: பணத்தைக் கொடுத்துவிட்டாயா?

தம்பி: நாளைக்குத்தான் சித்தப்பா.

சித்தப்பா: கொடுக்காதே. போன ஞாயிறு உன்னைவிட வேகமாக ஓடியது என்ன வண்டி?

தம்பி: ...

அக்கா: மியாட்டா, மாஸ்டாவின் குட்டி கார். 1990 மாடல், 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன் 😂

தம்பி: நீ கோன் பொறுக்கத்தானே வந்தாய்?

அக்கா: பொறுக்கினேன். பாதி நீ தட்டிவிட்டது.

அம்மா: கோன் பொறுக்குவதா? பந்தயம் என்று அல்லவா சொன்னான்?

அக்கா: இது ஆட்டோகிராஸ், கோன் வைத்த தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் பந்தயம். இதில் எல்லோருக்கும் அந்த வேலை உண்டும்மா. ஒரு குழு ஓட்டும்போது இன்னொரு குழு தடத்தில் நின்று விழுந்த கோனை நிமிர்த்தி வைக்கும். கோனைச் சுற்றித் தரையில் கட்டம் வரைந்திருப்பார்கள். கோன் விழுந்தாலோ கட்டத்தை விட்டு முழுதாக வெளியே போனாலோ 2 விநாடி அபராதம். நகர்ந்தாலும் கட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் தப்பித்தான்.

அம்மா: வண்டிகள் மோதிக்கொள்ளாதா?

அக்கா: பக்கத்தில் வேறு வண்டியே வராது. கடிகாரத்தோடுதான் போட்டி.

சித்தப்பா: தம்பி, ஒரு கேள்வி. போன வாரம் ஒரு ரன் 50 விநாடி என்று வைத்துக்கொள். அதில் ஆக்ஸிலரேட்டரைக் கடைசி வரை மிதித்திருந்தது எவ்வளவு நேரம்?

தம்பி: ஏழெட்டு விநாடி இருக்கும்.

சித்தப்பா: மீதி 42 விநாடி என்ன செய்தாய்?

அக்கா: கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். வீடியோ இருக்கிறது.

தம்பி: அந்த ரெக்சின் சீட் வழுக்குகிறது. இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

சித்தப்பா: அப்படியென்றால் முதல் செலவு சீட். பிடிமானத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் டயர் சொல்வது கைக்குத் தெரியாது. அடுத்தது டயர். அமெரிக்க மசில் கார்களுக்கான சி.ஏ.எம். வகுப்பில் டிரெட்வேர் எண் 200 வரை இறங்கலாம். அந்த எண் குறையக் குறைய டயர் பிடிமானம் கூடும். நீ ஓட்டுவது நெடுஞ்சாலை டயர். அப்புறம் டிஃபரென்ஷியல், இன்ஜின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது. வளைவை விட்டு வெளியே வரும்போது உள்பக்கப் பின்சக்கரம் சும்மா சுற்றுகிறது, பார்த்தாயா? அதற்கு இன்னும் 75 குதிரைத்திறன் கொடுத்தால் புகைதான் கூடுதலாக வரும்.

மாமா: புகை நன்றாகத்தானே இருக்கும் 🙄

சித்தப்பா: மச்சான், புகைக்கு நேரம் எடுக்க மாட்டார்கள்.

சனி, காலை 6:40

தம்பி: யோசித்தேன். இன்ஜினைத் தொடவில்லை. ஆனால் முன்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறதே? ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் நேராகத் தள்ளிக்கொண்டு போகிறது.

சித்தப்பா: அந்த சஸ்பென்ஷன் அந்தக் காலத்து பயாஸ் (ரேடியலுக்கு முந்தைய வகை) டயருக்கு வடிவமைத்தது. வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே சாய்ந்து, டயர் அதன் தோள்பட்டையில், அதாவது ஓரத்தில், நிற்கிறது. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் அப்போதே இதற்கு வழி கண்டுபிடித்தார். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம் மாட்டும் ஓட்டைகளை 1 இன்ச் கீழே இறக்குவது. 1965 ஷெல்பி ஜிடி350 அப்படித்தான் வந்தது. அதனால்தான் ஷெல்பி டிராப் என்கிறோம். ஒரு டெம்ப்ளேட், ஒரு டிரில், ஒரு நாள் வேலை.

தம்பி: 1 இன்ச்சில் இவ்வளவு கிடைக்கும் என்றால் 2 இன்ச் இறக்கலாமே?

சித்தப்பா: இறக்கினால் ஆர்ம் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட் இடிக்கும். 1 இன்ச்சோடு நிறுத்து.

மாமா: ஓட்டை போடுவதற்கு இரண்டு தடவை அளந்து பார். போட்ட ஓட்டையை எடுக்க முடியாது.

சித்தப்பா: (மச்சான் உருப்படியாக ஒன்று சொல்லிவிட்டார்.) அதோடு அலைன்மென்ட். கேம்பர் ஒன்றிலிருந்து ஒன்றரை டிகிரி நெகட்டிவ், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய வேண்டும். காஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்வது, எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு, 3 டிகிரிக்குக் குறையாமல். உன் வண்டியில் மேல் ஆர்ம் போல்ட்டுக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். கடைக்காரர் பழைய ஏட்டு அளவைப் போட்டுவிடப் போகிறார். எழுதிக் கொடு.

தம்பி: வண்டி சாயாமல் தடுக்கும் முன் ஸ்வே பார்? கடையில் 1 இன்ச் இருக்கிறது, எடுக்கட்டுமா? இப்போது இருப்பது 7/8.

சித்தப்பா: பார்க்க அற்பமாகத்தான் தெரியும். தடிமன் 14 சதவீதம் கூடினால் விறைப்பு சுமார் 70 சதவீதம் கூடும். விட்டத்தின் நான்காம் அடுக்கில் போகிறது கணக்கு. முன்பக்கம் மட்டும் அளவுக்கு மீறி விறைத்தால் மறுபடி நேராகத் தள்ளும். முதலில் ஷெல்பி டிராப் செய்து ஓட்டிப் பார். ஒரே நாளில் நாலு மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

அம்மா: பிரேக் நன்றாக இருக்கிறதா? அதை ஏன் யாரும் பேசவில்லை?

சித்தப்பா: அண்ணி கேட்டதுதான் சரியான கேள்வி. 66இல் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், முன்னால் டிஸ்க். இது பந்தயத்துக்காக இல்லை, தெருவுக்கே வேண்டும். ஆனால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் ஆறு பிஸ்டன் வைத்ததெல்லாம் வேண்டாம். ஒரு நிமிட ஓட்டத்தில் அவ்வளவு சூடாகாது.

அம்மா: அதை முதலில் செய். மற்றதெல்லாம் அப்புறம்.

தம்பி: சரிம்மா.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8:05

தம்பி: [புகைப்படம்]
தம்பி: டெக் இன்ஸ்பெக்ஷன் (ஓட்டத்துக்கு முன் வண்டிச் சோதனை) முடிந்தது. பேட்டரியை ஆட்டிப் பார்த்தார், வீல் நட், ஆக்ஸிலரேட்டர் திரும்புகிறதா, ஹெல்மெட் ஸ்டிக்கர். டிக்கியில் மாமாவின் குடை கிடந்தது. அதையும் எடுக்கச் சொன்னார்.

மாமா: அதைத்தான் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்!

சித்தப்பா: டயர் ஓரத்தில் வெள்ளை ஷூ பாலிஷ் தடவினாயா? ஓடி வந்ததும் பார். தோள்பட்டையில் இருக்கும் சின்ன முக்கோணக் குறி வரை அழிந்திருக்க வேண்டும். அதைத் தாண்டி அழிந்திருந்தால் காற்று போதவில்லை. குறியைத் தொடவே இல்லை என்றால் காற்று அதிகம்.

அக்கா: தடவியாகிவிட்டது. தடத்தையும் மூன்று முறை நடந்து பார்த்தேன். அவன் ஒரு முறை நடந்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

காலை 10:32

தம்பி: முதல் ரன் 49.1. இரண்டாவது ரன் மோசம். நீளமான வலது வளைவில் இன்ஜின் மூச்சடைத்தது, நேரானதும் தானாகச் சரியானது. பெட்ரோல் பம்ப் போய்விட்டதா?

சித்தப்பா: வலது வளைவில் மட்டுமா?

தம்பி: ஆமாம். இடது வளைவெல்லாம் சின்னது, அங்கே ஒன்றுமில்லை.

அக்கா: நான் வெளியே நின்று பார்த்தேன். அந்த இடத்தில் சைலன்சரில் கறுப்புப் புகை வந்தது.

சித்தப்பா: கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் குறையவில்லை, கூடிவிட்டது. பம்ப்பைத் தொடாதே. புது டயர் பிடிக்கிறது, வளைவில் பெட்ரோல், கார்புரேட்டரில் அது தேங்கி நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலின் ஒரு பக்கமாக ஏறி, வென்ட் (காற்றுத் துளை) வழியாக உள்ளே ஊற்றுகிறது. பழைய டயரில் வழுக்கிக்கொண்டே போனதால் இந்தக் கோளாறு வெளியே தெரியவில்லை. பவுல் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதுதான் அளவு பார்க்கும் ஓட்டை. பெட்ரோல் இப்போது எங்கே நிற்கிறது?

தம்பி: ஸ்க்ரூவைக் கழற்றினதும் வழிந்தது.

சித்தப்பா: அதுதான். ஓட்டையின் அடிவிளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கட்டும். மேலே இருக்கும் நட்டை வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. வழிந்ததைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்.

காலை 11:20

தம்பி: மூச்சடைப்பு போய்விட்டது!!! 46.9!

மாமா: பலே!

அக்கா: ஒரு கோன். 48.9.

தம்பி: கடைசி ரன் 48.2, கோன் இல்லை. போன மாதத்து மியாட்டாவுக்கு இன்னும் அரை விநாடிதான் பாக்கி.

பிற்பகல் 1:15

சித்தப்பா: அமைதியாக இருக்கிறீர்களே, என்ன ஆயிற்று?

அக்கா: அதே வண்டியில் நானும் பெயர் கொடுத்திருந்தேன் 😇 மூன்றாவது ரன் 46.8. கோன் இல்லை.

மாமா: என்னது!

அம்மா: யார் வண்டியில்? நீயா ஓட்டினாய்?

அக்கா: ஆமாம்மா. அவன் பக்கத்துக் கோனையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறான். நான் அடுத்த கோனுக்கும் அடுத்ததைப் பார்த்தேன். வளைவுக்கு முன்னால் அவனைவிடச் சீக்கிரமாகவே பிரேக் அடித்தேன், சீக்கிரமாகவே ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

தம்பி: என் ரன்னில் டயர் சூடேறவில்லை.

சித்தப்பா: ம்.

தம்பி: வெயிலும் குறைவு.

சித்தப்பா: ம்ம்.

அக்கா: வளைவு முடிவில் பின்பக்கம் கொஞ்சம் உதறுகிறது. அடுத்த முறை பின் டயரில் 2 பிஎஸ்ஐ குறைத்துப் பார்க்கலாம். சீட்டை மட்டும் நான் வைத்த இடத்திலேயே விட்டுவை.

தம்பி: அது என் வண்டி!

சித்தப்பா: பேப்பரில் உன் வண்டிதான்.