மறு: ‘டெட்பேண்ட்’ – தமிழில் என்ன சொல்வது?

எல்லாருக்கும் வணக்கம்.

கட்டடம் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனுக்கு நாம் தொகுக்கிற தமிழ்ச் சொற்பட்டியலில் ‘தெர்மோஸ்டாட்’, ‘செட்பாயிண்ட்’ எல்லாம் ஒருவழியாகக் கரையேறிவிட்டன. செட்பாயிண்டுக்கு ‘இலக்கு வெப்பநிலை’ என்று முடிவாகிவிட்டது, அதை நான் மறுபடி கிளறவில்லை. இந்த டெட்பேண்டில்தான் வண்டி நிற்கிறது: ஹீட்டர் ஓடத் தொடங்கும் வெப்பநிலைக்கும் குளிர்விப்பு தொடங்கும் வெப்பநிலைக்கும் நடுவில், இரண்டுமே வேண்டாத அந்த வெளி.

> பினாங்கு அண்ணன்: “சொல்லுக்குச் சொல் ‘இறந்த பட்டை’ என்றே வைத்துவிடலாமே.”

வேண்டாம் அண்ணே. இங்கே கோலாலம்பூரில் ஏர்கோன் வேலை பார்க்கிறவரிடம் ‘இறந்த பட்டை’ என்றால், ப்ளோவர் பெல்ட் அறுந்துவிட்டது என்று ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். கேட்டவுடனே வேறு பொருள் தட்டுகிற சொல்லைப் பட்டியலில் சேர்த்தால், அது பட்டியலை விட்டு வெளியே வராது.

> பினாங்கு அண்ணன்: “அதோடு, நம் நாட்டில் ஹீட்டரே கிடையாது. சூடாக்கலுக்கும் குளிர்வித்தலுக்கும் நடுவில் இருக்கிற வெளிக்கு நமக்குச் சொல் எதற்கு?”

இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். வீட்டு ஏர்கோனில் ஹீட்டர் கிடையாது, சரி. மருத்துவமனையில் உண்டு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அதைப் பிழிந்து எடுக்கக் காற்றைச் சுமார் 13 டிகிரி வரை குளிர்விக்கிறோம். அவ்வளவு குளிர்ந்த காற்றை அப்படியே விட்டால் அறை நடுங்கும். அதனால் மின்சுருளில் மறுபடி சூடாக்கி அனுப்புகிறோம். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஹீட்டர் ஓடும். நம்பாதவர்கள் இந்த வகைக் கட்டடம் ஒன்றின் சிமுலேஷன் முடிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

நான் பார்த்த ஒரு மருத்துவமனையின் கணினி மாதிரியில் சூடாக்கும் இலக்கும் குளிர்விக்கும் இலக்கும் இரண்டுமே 22 டிகிரி. முடிவில் மணிக்கு மணி, அதிகாலை உட்பட, குளிர்விப்புப் பத்தியிலும் எண், மறுசூடாக்கல் பத்தியிலும் எண். காசு கொடுத்துக் குளிர்வித்து, காசு கொடுத்துச் சூடாக்குகிறது. அறுவைக் கூடத்தை விட்டுவிட்டு, அதை ஒட்டிய சாதாரண அறைகளில் மட்டும் சூடாக்கும் இலக்கை 20க்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் அந்த இரண்டாம் பத்தியில் பல வரிகள் பூஜ்யமாகிவிட்டன. 20க்கும் 22க்கும் நடுவில் கிடக்கிற அந்த வெளிக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். கட்டட ஆற்றலுக்கான அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 90.1, இரண்டு வேலையையும் பார்க்கிற தெர்மோஸ்டாட்டுக்கு இந்த வெளி குறைந்தது 3 டிகிரி இருக்கவேண்டும் என்கிறது. ஆக, 2 டிகிரியே போதாது. சொல் இல்லாமல் இதை எப்படி வகுப்பில் நடத்துவது?

> பிரிக்பீல்ட்ஸ் தம்பி: “‘ஓய்விடை’ எப்படி?”

அழகாக இருக்கிறது தம்பி. ஆனால் இரண்டு தடை. வேகமாகப் படித்தால் ‘ஓய், விடை!’ என்று யாரையோ அதட்டுகிற மாதிரி இருக்கிறது. அது சின்னத் தடைதான். பெரிய தடை: அந்த வெளிக்குள் அறை இருக்கும்போது எதுவும் ஓய்வெடுப்பதில்லை. விசிறி ஓடும், புதுக்காற்று வரும். தரநிலையே ‘சூட்டையும் குளிர்ச்சியையும் நிறுத்துவது, அல்லது மிகக் குறைவாக்குவது’ என்றுதான் சொல்கிறது. கட்டுப்பாடு தலையிடாமல் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் நான் முன்வைப்பது ‘தலையிடாவெளி’. நீளம்தான். ஆனால் பாலிடெக்னிக் மாணவனுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ‘தலையிடாவெளி 3 டிகிரி’, ‘அறை தலையிடாவெளிக்குள் இருக்கிறது’ என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், உறுத்தவில்லை. ‘வாளாவெளி’ என்பதும் மனதில் வந்தது. வாளாவிருத்தல் நல்ல தமிழ்தான், ஆனால் புதிதாகப் படிக்கிறவன் வாளைத்தான் தேடுவான்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே வெட்டிவிட வேண்டும். நம் ஊர் டெக்னீஷியன்கள் ‘டெட்பேண்ட் ஒரு டிகிரி’ என்றால் சொல்வது வேறு: 24 வைத்தால் 24ல் நின்று, 25 ஆனதும் மறுபடி ஓடும் அந்த இடைவெளி. இதில் ஹீட்டருக்கு வேலையே இல்லை. கம்ப்ரஸர் நிமிடத்துக்கு நிமிடம் நின்று ஓடாமல் இருக்க வைத்த ஏற்பாடு. இதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை; இயற்பியல் பாடநூலில் ஹிஸ்டெரிசிஸுக்குக் ‘காந்தத் தயக்கம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘தயக்க அகலம்’ என்று எடுத்துக்கொள்வோம்.

சிமுலேஷன்காரர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் சொல்லழகு இல்லை. எனர்ஜிபிளஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள் வழக்கமாகப் பத்துப் பத்து நிமிடமாக, படிப்படியாகக் கணக்கிட்டு நடக்கிறது. ஒவ்வொரு படியிலும் இலக்கைச் சரியாகத் தொட எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்று கணக்கிட்டு, கருவியால் முடிந்த அளவுக்கு அது அந்தப் படி முழுவதும் சீராகக் கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறது. தலையிடாவெளி அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரியும். தயக்கம் தெரியாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று ஓடும் கம்ப்ரஸர் பத்து நிமிடச் சராசரியில் கரைந்துவிடும். படியை ஒரு நிமிடமாக்கலாம், கட்டுப்பாட்டைத் தனியாக எழுதலாம், கருவிகளின் நடத்தையை நுணுக்கமாக எழுதும் மாடெலிகா மொழியின் பக்கம் போகலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், எது மாதிரியில் இருக்கிறது எது இல்லை என்பதே மாணவனுக்குப் புரியாது.

பட்டியலுக்கு என் வரைவு:

தலையிடாவெளி: சூடாக்கும் இலக்குக்கும் குளிர்விக்கும் இலக்குக்கும் இடைப்பட்ட வெப்பநிலை வீச்சு, இதற்குள் கட்டுப்பாடு சூட்டையோ குளிர்ச்சியையோ கூட்டாது.

தயக்க அகலம்: ஒரே கருவி நிற்கும் வெப்பநிலைக்கும் மீண்டும் ஓடும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு.

மறுப்பு இருந்தால் சொற்களோடு வாருங்கள், ‘பிடிக்கவில்லை’ மட்டும் போதாது. பினாங்கு அண்ணே, அடுத்தது ‘த்ராட்லிங் ரேஞ்ச்’. அதை நீங்கள் ஆரம்பித்து வையுங்கள். வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிற சங்கதி, இந்த இரண்டோடும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து