டிராகன் குட்டிகளுக்கு என்ன விலை வைப்பது?

கல்லடிப்பாலம்:
ஃபிளைட் ரைசிங் என்ற இணைய டிராகன் வளர்ப்பு விளையாட்டில் 5 நாள் அடைகாத்துப் பொரித்த என் டிராகன் குட்டிகளை ஏலச் சந்தையில் போட்டும் ஒன்றுகூட விலைபோகவில்லை. விலையைக் குறைக்கலாமா?

களுவாஞ்சிக்குடி:
தம்பி, குறைப்பதற்கு முன் அதே இனம், அதே மரபணு (உடலின் கோலத்தைத் தீர்மானிப்பது), நெருங்கிய நிறம் என்று சந்தையில் தேடி, இப்போதுள்ள மிகக் குறைந்த விலையைப் பாருங்கள். சிறப்பு மரபணு எதுவுமில்லாத குட்டியைப் பெரும்பாலும் விளையாட்டிலுள்ள தெய்வத்தின் பணிக்கு அனுப்பிவிட்டு, அதற்கு ஈடாக ட்ரெஷர் என்ற விளையாட்டுப் பணம் பெறுவோரே வாங்குவார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகாத விலை கேட்டால் அது அப்படியே கிடக்கும்.

கல்முனை:
விலையைவிடச் சோடி சேர்ப்பதுதான் முக்கியம் என்பேன். குட்டியின் நிறம் தாய், தந்தை நிறங்களுக்கு இடைப்பட்ட வரிசையிலிருந்தே வருவதால், நெருங்கிய நிறங்களுள்ள சோடியைத் தேர்ந்தால் குட்டிகள் எல்லாமே விரும்பிய சாயலில் பிறக்கும். அத்தகைய குட்டிகளை அவசரப்பட்டு மலிவாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கல்லடிப்பாலம்:
நன்றி அண்ணா. இரண்டு குட்டிகளை மட்டும் குறைத்துப் போடுகிறேன்.