இறுதிச்சடங்கு நிலையங்களின் விலைப்பட்டியல்: இணையத்தில் வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டுமா?

தேன்மொழி:
அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் ‘ஃபியூனரல் ரூல்’ என்ற இறுதிச்சடங்கு விதி 1984 முதல் நடைமுறையில் இருக்கிறது. நேரில் வந்து விலை கேட்கும் எவருக்கும் பொருள்வாரியான பட்டியலைக் கையில் கொடுக்க வேண்டும், தொலைபேசியில் கேட்டாலும் விலையைச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அதே பட்டியலை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று அது சொல்லவில்லை. என் பெரியப்பா மருத்துவமனையில் காலமானபோது, உடலை எங்கே அனுப்புவது என்று உடனே சொல்லச் சொன்னார்கள். அந்த நேரத்தில் நிலையம் நிலையமாகப் படியேறிப் பட்டியல் வாங்க யாரால் முடியும்? உடல் ஓரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து மாற்றுவதற்குக் கூடுதல் செலவாகும், மனமும் வராது. எனவே இணைய வெளியீட்டைக் கட்டாயமாக்கியே தீர வேண்டும்.

சுந்தரம்:
உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆயினும் இத்தொழிலில் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் மாறுபடுகிறேன். இருக்கும் விதியே வலுவானது. அது மக்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் குறை. வெளியில் வாங்கிய சவப்பெட்டியை மறுக்கவோ, அதைக் கையாளத் தனிக் கட்டணம் கேட்கவோ எங்களுக்கு உரிமையில்லை. நேரடித் தகனத்துக்கு, அதாவது உடலைப் பார்வைக்கு வைக்காமல் நேராகத் தகனம் செய்வதற்கு, சவப்பெட்டி கட்டாயம் என்று சொல்லக் கூடாது. எளிய மாற்றுப் பெட்டி தர வேண்டும்.

இணையத்தில் விலை வந்தால் பலரும் முதலில் கண்ணில் படும் தொகையை மட்டுமே பார்ப்பார்கள். ‘நேரடித் தகனம்’ என்று ஒரு நிலையம் போடும் தொகையில் தகனக் கூடத்தின் கட்டணம் சேர்ந்திருக்கும், இன்னொன்றில் சேர்ந்திராது. மலிவாகத் தெரிந்ததே கடைசியில் அதிகமாக முடியும். தொலைபேசியில் பேசும்போது அந்த வேறுபாட்டை எங்களால் விளக்க முடிகிறது.

தேன்மொழி:
தொலைபேசியை நம்பச் சொல்கிறீர்கள். கமிஷன் ஊழியர்களே வாடிக்கையாளர்களைப் போல 250க்கும் மேற்பட்ட நிலையங்களை அழைத்துப் பார்த்ததன் விளைவாக, 2024 ஜனவரியில் 39 நிலையங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. பெரும்பாலும், கேட்ட விலையைச் சொல்லாததே காரணம்.

எங்கள் ரசீதில் ‘எம்பாமிங்’ (உடல் கெடாமல் பதப்படுத்துவது) என்று ஒரு வரி இருந்தது. உடலைப் பார்வைக்கு வைப்பதென்றால் அது தங்கள் நிலையத்தின் வழக்கம் என்றார்கள். பார்வைக்கு வைக்காமல் நேரடித் தகனத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பணம் தர வேண்டியதில்லை என்ற வாசகம் அவர்கள் கொடுத்த பட்டியலிலேயே அச்சாகி இருந்ததை, எல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்து படித்தபோதுதான் கண்டோம். அந்தத் தாள் முதல் நாள் இரவே எங்கள் செல்பேசியில் கிடைத்திருந்தால், அழுதுகொண்டிருந்த பெரியம்மாவுக்குப் பதிலாக வேறொருவர் நிதானமாகப் படித்திருப்பார். தேசிய இறுதிச்சடங்கு இயக்குநர்கள் சங்கத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பார்வைக்கு வைத்து அடக்கம் செய்வதற்கான இடைநிலைச் செலவு (பாதி இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ்) 8,300 டாலர். இவ்வளவு பெரிய தொகையை முன்கூட்டி ஒப்பிட வழியில்லாமல் செலவிடச் சொல்வது நியாயமாகாது.

காவேரி:
இடையில் ஒரு செய்தி: அந்தச் செலவில் கல்லறை நிலம் சேராது. இறுதிச்சடங்குச் சேவையும் சேர்த்து விற்காத கல்லறைத் தோட்டங்கள் இந்த விதிக்குள் வருவதே இல்லை. அடக்கம் செய்ய நினைப்பவர்கள் அதைத் தனியே விசாரிக்க வேண்டும்.

சுந்தரம்:
எம்பாமிங் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு மீறலுக்கு அபராதம் 50,000 டாலருக்கும் மேல் போகக்கூடும். அப்பாவும் மகனும் மட்டும் நடத்தும் சிறிய நிலையம் விலையை மாற்றிவிட்டு இணையப் பக்கத்தைத் திருத்த மறந்தால், அந்த ஒரு தவறிலேயே மூடும் நிலைக்கு வந்துவிடும். எல்லோருக்கும் ஒரே படிவமும் திருத்தக் கால அவகாசமும் தருவதானால் மட்டுமே நான் இதை ஏற்பேன்.

தேன்மொழி:
ஒரே படிவம் வேண்டும் என்பதில் எனக்கும் முழு உடன்பாடு; தகனக் கூடக் கட்டணம் சேர்ந்ததா இல்லையா என்ற உங்கள் கவலையும் அதிலேயே தீரும். அவகாசம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். எந்தத் தேதியிலிருந்து அந்த விலைகள் செல்லும் என்பதைப் பட்டியலில் குறிப்பிட வேண்டும் என்று இப்போதைய விதியே சொல்கிறது. புதிய பட்டியல் அச்சாகும் அன்றே, அதே தேதியோடு அதை இணையதளத்தில் ஏற்றிவிட்டால் போதும்.