மூத்தவர் கடிதம்: அதில் என்ன இருந்தால் இளம் நாவலாசிரியருக்கு உதவும்?

"நன்றாக எழுதுகிறாய், தொடர்ந்து எழுது" என்கிற கடிதம் சட்டம் போட்டு மாட்டத்தான் ஆகும். 1886 மார்ச்சில் ரஷ்ய மூத்த எழுத்தாளர் கிரிகரோவிச், அப்போது இளம் சிறுகதை எழுத்தாளராக இருந்த செகாவுக்கு எழுதியதைப் பாருங்கள். அவருக்கு 64 வயது, இவருக்கு 26. மனம்விட்டுப் புகழ்ந்த கையோடு, அவசரத்துக்கு எழுதுவதை நிறுத்து, பட்டினி கிடந்தாலும் சரி, மனதில் பட்டதைப் பெரிய படைப்புக்குச் சேர்த்து வை, புனைபெயரை விட்டுச் சொந்தப் பெயரில் வெளியிடு என்கிறார். செகாவ் பதிலில் எதையும் மறைக்கவில்லை: எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவழித்த நினைவில்லை, உங்களுக்குப் பிடித்த 'வேட்டைக்காரன்' குளிக்கும் கொட்டகையில் எழுதியது, புத்தகத்தில் பெயரை மாற்ற முடியாது, அட்டை தயாராகிவிட்டது.

(1845இல் தஸ்தயெவ்ஸ்கியின் முதல் நாவலைக் கையெழுத்துப்படியாகக் கவிஞரும் பதிப்பாளருமான நெக்ராசவிடம் கொண்டுபோனவரும் இதே கிரிகரோவிச்தான். மனுஷருக்கு மோப்பம் அப்படி!)

---

பின்னாளில் செகாவ், தன்னைவிட இளைய எழுத்தாளர் கார்க்கிக்கு எழுதியவை இன்னும் பயன்படும். 1898 டிசம்பர் கடிதத்தில் திறமையைச் சந்தேகமில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டு, குறை எழுத்தில் கட்டுப்பாடு இல்லாதது என்கிறார்: நாடகம் பார்க்க வந்தவர் ரசித்துக் கூச்சல் போட்டு, தானும் கேட்காமல் பிறரையும் கேட்கவிடாமல் செய்வதுபோல. அடுத்த மாதம், கடல் மூச்சுவிடுகிறது, வானம் பார்க்கிறது என்று இயற்கையை மனிதனாக்குவது சலிப்பூட்டும் என்றார். 1899 செப்டம்பரில், அச்சுப்படி திருத்தும்போது அடைமொழிகளை அடி என்றார். 'மனிதன் புல்லில் உட்கார்ந்தான்' என்றால் உடனே புரியும். உயரம், மார்பு, தாடி, புல்லின் நிறம் எல்லாம் அதே வாக்கியத்தில் வந்தால் மூளை தடுமாறும். அவ்வளவு குறை கேட்ட கார்க்கிதான் தன் முதல் நாவலைச் செகாவுக்கே காணிக்கையாக்கினார்.

---

இதைச் செய்துபார்க்கிறவர்கள் கவனிக்க: ஒரு அத்தியாயத்தை எடுத்து அடைமொழிகளை வட்டமிடுங்கள், எடுத்தாலும் காட்சி நிற்கிறதென்றால் அடியுங்கள். உரையாடலில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே அடைமொழி பாத்திரத்தின் குரல். அடித்தால் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள்.

இன்னொன்று, பெரியவர் சொன்ன அளவு உங்கள் அளவாக இருக்க வேண்டியதில்லை. பெரிதாக எழுது என்று கிரிகரோவிச் தூண்டியபின் 1888இல் செகாவின் 'ஸ்தெப்பி' குறுநாவல் வந்தது. அதே காலத்தில் தொடங்கிய நாவலைச் செகாவ் முடிக்கவே இல்லை.