திருமலையில இருந்து கொழும்புக்கு: அட்டோ 3, இசட்எஸ் இவி, கோனா எது காசுக்குத் தகும்?

உப்புவெளி வாசி:
அண்ணாமார், ஒரு யோசனை வேணும். குடும்பம் அஞ்சு பேர். கிழமை நாளில டவுனுக்குள்ள 30 கிலோமீற்றருக்கு மேல ஓடாது, மாசம் ரெண்டு தரம் கொழும்பு. மின்சாரக் கார் ஒண்டு எடுக்கப் போறன். பிவைடி அட்டோ 3 (49.92, 60.48 யூனிட் பற்றரி ரெண்டும்), எம்ஜி இசட்எஸ் இவி, புது ஹூண்டாய் கோனா, இதில எதை எடுக்கலாம்? ஒருக்கா சார்ஜ் பண்ணினா ஓடுற தூரத்தை ஒவ்வொரு ப்ரோஷரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுது. வீட்டு லைன் 30 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸ்.

கந்தளாய்ச் சந்தி:
தம்பி, ப்ரோஷர் தூரத்தை அப்பிடியே எடுக்காதீங்க. அட்டோ 3 பெரிய பற்றரிக்கு என்இடிசி எண்ட பழைய அளவு முறையில 480 கிலோமீற்றர், அதை விடக் கடுமையான டபிள்யூஎல்டிபி முறையில 420, இந்தியச் சோதனை நிறுவனம் ஏஆர்ஏஐ குடுத்தது 521. கார் அதேதான், அளக்கிற முறைதான் வேற. எல்லாத்தையும் டபிள்யூஎல்டிபிக்குக் கொண்டு வந்தா: அட்டோ 49.92க்கு 345, 60.48க்கு 420, இசட்எஸ் 51.1க்கு 320, கோனா சின்னதுக்கு 377, பெரியதுக்கு 514 வரை.

இனி நம்மட ரோட்டுக் கணக்கு. ஏசி போட்டு 80, 90ல போனா இந்த அளவு வண்டிக்கு நூறு கிலோமீற்றருக்கு 16 யூனிட் வைங்க. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியா கொழும்பு கிட்டத்தட்ட 260, அதாவது 42 யூனிட். 60.48ல 18 யூனிட் மிஞ்சும். 49.92ல மிஞ்சுறது 8தான். நிட்டம்புவ நெரிசல்ல நிண்டா ஏசி மட்டும் மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட்டுக்கு மேல இழுக்கும், அந்த எட்டும் கரையும். 51.1 இசட்எஸ்ஸும் அப்பிடித்தான். சின்னப் பற்றரி எடுத்தா வழியில ஒருக்கா டிசி சார்ஜுக்கு (வேகமா ஏத்துற சார்ஜ்) நிக்கத்தான் வேணும்.

பின் சீற்றில மூண்டு பேர் எண்டா வீல்பேஸைப் பாருங்க. அட்டோ 2720 மில்லிமீற்றர், கோனா 2660, இசட்எஸ் 2585. கோனாவுக்கு ஹீட் பம்ப் எண்டு கூடக் காசு கேட்டா வேண்டாம் எண்டு சொல்லுங்க. அது குளிர் தேசத்தில காரைச் சூடாக்கிற சாமான், திருமலை வெயிலுக்கு என்னத்துக்கு? அட்டோவில காரில இருந்தே வெளியில கறண்ட் எடுக்கலாம். மின்வெட்டுக்கு ஃபிரிட்ஜும் ரெண்டு ஃபேனும் ஓடும், அதுக்குக் காசு குடுக்கலாம். விலை எட்டினா 60.48தான் என்ர தெரிவு. இங்க வரி மோட்டாரின்ர கிலோவாட்டைப் பார்த்துத்தான் போடுறது, அதால காகிதத்தில இருக்கிற கிலோவாட்டையும் சேர்த்துப் பாருங்க.

பழைய வயர்மேன்:
காருக்கு முதல் வீட்டு லைனைப் பாருங்க. 7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும், உங்கட மெயின் 30. 16 ஆம்பியர்ல செற் பண்ணிப் போடுங்க, 3.6 கிலோவாட் வரும். நேரக் கட்டண மீற்றர் எடுத்தா மலிவு நேரம் இரவு 10.30ல இருந்து காலை 5.30 வரை. அந்த ஏழு மணித்தியாலத்தில இழப்புப் போக 23 யூனிட் ஏறும், 140 கிலோமீற்றர் ஓடலாம். டவுன் ஓட்டத்துக்கு மிஞ்சும்.

சுவர்ல இருக்கிற 13 ஆம்பியர் பிளக்கில தினமும் போடாதீங்க. சமையல் கேத்தல் அஞ்சு நிமிஷம் எடுக்கிறதை இது இரவு முழுக்க எடுக்குது. சொக்கெற்றில லைவ் ஓட்டையைச் சுத்தி மண்ணிறமா வந்தா உள்ளுக்குள்ள உருகத் தொடங்கீற்று. டிபியில (பிரேக்கர் பெட்டி) இருந்து தனி லைன், 6 சதுர எம்எம் வயர், 20 ஆம்பியர் பிரேக்கர். எக்ஸ்டென்ஷன் கோட் கூடவே கூடாது.

உப்புவெளி, நிலாவெளி மணல்ல எர்த் பெரிய தலையிடி. சித்திரை, வைகாசிக்கு மணல் காய்ஞ்சா எர்த் றெசிஸ்டன்ஸ் ஏறும், சார்ஜர் சிவப்பு லைற் போட்டு நிண்டிடும். ஆக்கள் கார் பழுது எண்டு நினைக்கினம். உப்புத் தண்ணி ஊத்துறது நாலு நாளைக்குத்தான், கம்பியும் அரிச்சுப் போகும். நீளமான கம்பி ரெண்டை இடைவெளி விட்டு இறக்கி இணையுங்க. ட்ரிப் சுவிட்ச் டைப் ஏ எண்ட வகையா இருக்க வேணும், சார்ஜர்ல 6 மில்லிஆம்பியர் டிசி கசிவு பார்க்கிற வசதியும் வேணும். இல்லாட்டி டிசி கசிவு சாதாரண ட்ரிப்பைக் குருடாக்கிப் போடும்.

உப்புவெளி வாசி:
நன்றி அண்ணா. யப்பான்ல இருந்து வர்ற பழைய அட்டோ விலை குறைவா இருக்கு. எடுக்கலாமா?

இரவு சார்ஜ்:
சார்ஜ் வாயைத் திறந்து பார்த்திற்று முடிவெடுங்க. யப்பான் அட்டோவுக்கு டிசி வேகச் சார்ஜுக்குச் சாடெமோ எண்ட யப்பான் பிளக், வீட்டு ஏசி சார்ஜுக்கு டைப் 1 பிளக், பற்றரி 58.56 யூனிட். ஐரோப்பிய முறை சிசிஎஸ்2 கன் இதில கொழுவாது. கொழும்புப் பாதையில சாடெமோ கன் இருக்கிற இடங்களை முதலே குறிச்சு வையுங்க.

அட்டோவும் 51.1 இசட்எஸ்ஸும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேற்) பற்றரி, கிழமைக்கு ஒருக்கா 100 வீதம் வரை ஏத்துங்க. இதில சார்ஜ் இறங்கினாலும் வோல்ட் பெரிசா இறங்காது. அதால நெடுக 80லயே நிப்பாட்டினா கம்ப்யூட்டருக்கு மிச்சம் எவ்வளவு எண்டு பிழைக்கும், 15 வீதம் காட்டினது திடீரெண்டு 6 ஆகும். கோனாவின்ர பற்றரி வேற வகை, அதைத் தினமும் 80ல நிப்பாட்டுறதுதான் நல்லம்.

அட்டோவின்ர 12 வோல்ட் பற்றரியும் எல்எஃப்பிதான். கடைக்காரர் ஈயப் பற்றரிச் சார்ஜரைக் கொழுவ வந்தா விடாதீங்க. ஸ்பெயார் சில்லும் இல்லை, பசை போத்தல் மட்டும்தான், அது பக்கச் சுவர் கிழிஞ்சா உதவாது. ஹபரணைக் காட்டில இரவில யானைக்கு முன்னால நிக்காம இருக்க, ஒரு சில்லும் ஜாக்கும் டிக்கிக்குள்ள போடுங்க.