குரல் உடையும் நேரத்தில் குரல் தேர்வு, வழி சொல்லுங்கள்

வணக்கம். என் மகனுக்கு 13 வயது. நிகழ்த்துகலைக்கென்றே நடக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வாய்ப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். குரல் தேர்வுக்கு இன்னும் 6 வாரம்தான். 2 மாதமாக அவன் குரல் உடைந்துகொண்டிருக்கிறது.

மேல் ஸ்தாயிக்கு (ஒரு ‘ச’ முதல் அடுத்த ‘ச’ வரையிலான சுரங்கள் ஒரு ஸ்தாயி) போனாலே பிசிறடித்து வெறும் காற்றாகிவிடுகிறது. மந்திர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயி, இப்போதுதான் மெல்லத் திறக்கிறது, ஆனால் சுருதியில் நிற்பதில்லை. காலையில் மோசம், மாலையில் தேவலை. வலி இல்லை.

5 கட்டையிலிருந்து 3க்கும், பிறகு 2க்கும் சுருதியை இறக்கிப் பார்த்தோம் (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் குறைந்தால் சுருதி தாழும்). ஒரு வாரம் பாடவே விடவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர், குரல் நாண்களில் கோளாறு இல்லை, குரல்வளை வளர்கிறது, அழுத்திப் பாட வேண்டாம் என்றார். ஆண்பிள்ளைகளின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும், அதை அவசரப்படுத்த முடியாது என்பது புரிகிறது.

தேதியைப் பள்ளி மாற்றாது. பாடலை மட்டும் நாமே தேர்ந்தெடுக்கலாம். 4 ஆண்டாக மிருதங்கமும் கற்கிறான், ஆனால் மனசு முழுக்கப் பாட்டில்தான். இரவில் போர்வைக்குள் மெதுவாகப் பாடிப் பார்ப்பது எனக்குக் கேட்கிறது.

இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: 2 கட்டையில், மத்திய ஸ்தாயிக்குள் அடங்கும் பாடலோடு குரல் தேர்வுக்கே அனுப்பலாமா, மிருதங்கத்துக்கு மாற்றிவிடலாமா?